காரீயக் கரி பாட்டரி: மின்னேற்றமும் பராமரிப்பும்

அல்லிநகரத்திற்கு மேற்கே, வீரப்ப அய்யனார் கோயிலை அடுத்த மலையடிவாரத்தில் தோப்பும் தோட்டமும் வைத்திருக்கும் விவசாயிக்கு, மழையும் விலையும் போக மூன்றாவது கவலை ஒன்று உண்டு. அது இரவு நேரத்துக் கவலை. பகலெல்லாம் பாடுபட்டு வளர்த்த வாழையையும் நிலக்கடலையையும் ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் உழுது போட்டுவிடும். யானை வந்தாலோ தென்னங்கன்றுகளின் கதி சொல்ல வேண்டியதில்லை. 2023-ம் வருஷம் மே மாதத்தில் 'அரிக்கொம்பன்' என்னும் யானை கம்பம் நகருக்குள்ளேயே புகுந்து வந்ததைப் பள்ளத்தாக்கில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கவலைக்குப் பரிகாரமாகச் சூரிய மின்வேலி இப்பொழுது பல தோட்டங்களில் இடம்பெற்றிருக்கிறது. பகலில் சூரிய ஒளித் தகடு மின்சாரம் தருகிறது. இரவில் வேலியைக் காப்பது பாட்டரி. வேலிக் கம்பியையும் கல்லுக்காலையும் நாள்தோறும் சுற்றிப் பார்க்கும் விவசாயி, மோட்டார் அறையின் மூலையில் கிடக்கும் பாட்டரியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வேலி தளர்ந்து போன மறுநாள் காலையில்தான் அதன் நினைவு வருகிறது. வீட்டு இன்வெர்ட்டர், பஞ்சாயத்தின் சூரிய தெருவிளக்கு, கிராம அலுவலகத்துக் கணினி ஆகியவற்றின் நிலையும் இதுவே.

சில வருஷங்களாகக் கடைகளில் 'காரீயக் கரி பாட்டரி' என்னும் வகை விற்பனையாகி வருகிறது. "இதற்குப் பராமரிப்பே வேண்டாம்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அச்சொல் பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமல் வாங்குகிறவருக்குப் பணமும் நஷ்டம், பயிரும் நஷ்டம். ஆகையால் இவ்வகைப் பாட்டரியின் தன்மையையும், அதற்கு மின்னேற்றும் முறையையும், காக்கும் வழியையும் இங்கே விவரிக்கிறோம்.

பாட்டரியினுள் நடப்பது என்ன?

காரீயப் பாட்டரியைப் பிரெஞ்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859-ல் கண்டுபிடித்தார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. காரீய ஆக்ஸைடு பூசிய நேர்த்தகடு ஒன்று. பஞ்சு போன்ற காரீயம் கொண்ட எதிர்த்தகடு ஒன்று. இரண்டும் மூழ்கியிருக்க நீர் கலந்த கந்தகத் திராவகம். இப்படிப்பட்ட அறை ஒன்று சுமார் 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தது 12 வோல்ட் பாட்டரி.

மின்சாரத்தை எடுக்கும்பொழுது திராவகத்திலுள்ள கந்தகப் பகுதி இரு தகடுகளிலும் படிந்து காரீய ஸல்பேட் என்னும் உப்பாகிறது. திராவகம் நீர்த்துப் போகிறது. மின்னேற்றும்பொழுது அந்த உப்பு கரைந்து பழைய நிலை திரும்புகிறது. உடனுக்குடன் மின்னேற்றினால் உப்பு மிருதுவாக இருந்து எளிதில் கரையும். நாட்கணக்கில் அரைகுறை மின்னேற்றத்தோடு விட்டுவைத்தால் உப்பு கெட்டிப்பட்டுப் பெரிய பளிங்குகளாகிவிடும், பிறகு கரையாது. புது வண்டலைத் தண்ணீர் விட்டுக் கலக்கிவிடலாம். காய்ந்து இறுகிய வண்டலை மண்வெட்டியால்தான் பெயர்க்க வேண்டும். தகட்டின் கதியும் அதுவே. பாட்டரிகளில் பெரும்பாலானவை இவ்வாறே அகால மரணம் அடைகின்றன. இந்தக் கேடு எதிர்த்தகட்டிலேயே அதிகம்.

காரீயக் கரி பாட்டரியில் அந்த எதிர்த்தகட்டில் விசேஷமாகத் தயாரித்த கரி சேர்க்கப்படுகிறது. கரி, உப்புத் துகள்களினூடே மின்சாரம் செல்ல வழி செய்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுக்கிறது. ஆகவே இவ்வகைப் பாட்டரி, முழு மின்னேற்றம் இன்றிச் சில நாட்கள் கழிந்தாலும் சாதாரணப் பாட்டரியைப்போல் விரைவில் கெடுவதில்லை. மின்னேற்றத்தையும் வேகமாக ஏற்றுக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் இம்முறையில் ஒரு பாட்டரியை உருவாக்கி, காற்றாலை மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தும் பொருட்டு நியூ சவுத் வேல்ஸில் உள்ள ஹாம்ப்டன் காற்றாலைப் பண்ணையில் வைத்துப் பரீட்சித்தது. காற்றும் மேகமும் மாறி மாறி வரும் நமது பள்ளத்தாக்கிற்கும் இது பொருத்தமான பொருளே.

நமது ராஜ்யத்திலும் இத்துறையில் பழமையான ஸ்தாபனம் ஒன்று உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நன்கொடையளிக்க, 1948-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. பாட்டரிகளைப் பற்றிய ஆராய்ச்சி அதன் முக்கியமான பணிகளில் ஒன்று.

யாருக்கு ஏற்றது?

நாள்தோறும் சூரிய ஒளியால் மின்னேற்றி, நாள்தோறும் இரவில் செலவழிக்கும் இடத்திற்கே காரீயக் கரி பாட்டரி முக்கியமாக ஏற்றது. மின்வேலி, தோட்டத்து வீட்டு விளக்கு, தெருவிளக்கு ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. ஊருக்குள் மின்வாரியத்தின் மின்சாரம் பெரும்பாலும் தடையின்றி வரும் வீட்டில், மாதத்தில் சில மணி நேரம் மட்டும் உழைக்கும் இன்வெர்ட்டருக்கு, தண்ணீர் ஊற்றும் சாதாரணக் குழல் தகட்டுப் பாட்டரியே போதுமானது. அங்கே கரியின் குணம் வெளிப்பட இடமில்லை. லித்தியம் பாட்டரியும் இப்பொழுது பரவலாகக் கிடைக்கிறது. அது எடை குறைந்தது. அதிக முறை மின்னேற்றத்தைத் தாங்கும். ஆனால் அதற்குரிய மின்னேற்றக் கருவி வேறு. விலை, உத்தரவாதக் காலம், பழுது பார்க்கும் வசதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

எவ்வளவு பெரிய பாட்டரி வேண்டும்?

வேலிக் கருவி சராசரி அரை ஆம்பியர் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் சேர்த்து 24 மணிக்கு 12 ஆம்பியர்-மணி செலவாகும். தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் மூன்று நாள் வெயில் முகம் காட்டாமல் போகலாம். அதற்கு 36 ஆம்பியர்-மணி வேண்டும். பாட்டரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுக்கலாகாது என்பது விதி. ஆகவே 72, அதாவது கடையில் கிடைக்கும் 75 ஆம்பியர்-மணி பாட்டரி தேவை.

தகட்டுக்கும் இப்படியே கணக்கிடலாம். செலவான 12-ஐத் திரும்பச் செலுத்த, சேதாரம் சேர்த்துச் சுமார் 14½ ஆம்பியர்-மணி வேண்டும். நல்ல வெயில் நாளொன்றுக்கு 4 மணி நேரம் கிடைக்கிறதென்று குறைவாகவே மதிப்பிட்டால், தகடு மணிக்குச் சுமார் 3½ ஆம்பியருக்கு மேல் தரவேண்டும். 75 வாட் தகடு இதற்குப் போதும். பெரிய பாட்டரியை வாங்கிச் சிறிய தகட்டோடு இணைப்பது, பெரிய தொட்டியைக் கட்டிச் சிறிய குழாயைப் பொருத்துவதற்கு ஒப்பாகும். அப்பாட்டரி ஒருநாளும் நிறையாது.

மின்னேற்றும் முறை

பாட்டரியோடு வரும் அச்சிட்ட தாளில் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அளவுகளே முதல் பிரமாணம். தாள் தொலைந்திருந்தால் அதைத் தேடிப் பெறுவது அவசியம். மூடி முத்திரையிட்ட 12 வோல்ட் காரீயக் கரி பாட்டரிகளுக்குப் பொதுவாக 25 டிகிரி ஸெல்ஷியஸ் உஷ்ணத்தில் வழங்கும் அளவுகள் பின்வருமாறு:

1. மின்னேற்றும் மின்னோட்டம், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை. 100 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 10 முதல் 20 ஆம்பியர்.

2. முழு மின்னேற்றத்திற்கு 14.1 முதல் 14.4 வோல்ட் வரை. இந்த அழுத்தத்தில் வைத்திருக்கும்பொழுது மின்னோட்டம் படிப்படியாகக் குறைந்து, 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1 அல்லது 2 ஆம்பியர் அளவுக்கு இறங்கினால் பாட்டரி நிறைந்தது என்று அறியலாம்.

3. நிறைந்த பின் அந்நிலையிலேயே காத்துவர 13.4 முதல் 13.6 வோல்ட் வரை.

இவ்வேலைகளை மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி தானே செய்யும். ஆனால் அதற்குச் சரியான கட்டளை கொடுத்திருக்க வேண்டும். கருவியில் பாட்டரியின் வகையைக் குறிப்பிடும் இடத்தில் 'முத்திரையிட்டது' என்னும் வகையையே தெரிவு செய்க. தண்ணீர் ஊற்றும் பாட்டரிக்குரிய நிலையில் விட்டுவிட்டால், கருவி அவ்வப்போது 15 வோல்ட் வரை அழுத்தத்தை ஏற்றிச் சமன் செய்ய முயலும். அப்பொழுது மூடிய பாட்டரியின் உள்ளே இருக்கும் நீர் வாயுவாகி வெளியேறிவிடும். அதைத் திரும்ப ஊற்ற வழியில்லை. வீட்டு இன்வெர்ட்டரின் பின்புறத்தில் உள்ள பாட்டரி வகைத் திருகியையும் இவ்வாறே சரிபார்க்க வேண்டும். புதிய பாட்டரி மாட்டியவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுவே. பலர் மறப்பதும் இதையே.

கரி சேர்ந்திருப்பதால் பாட்டரி நாள்தோறும் நிறைய வேண்டிய அவசியமில்லை. எனினும் வாரத்திற்கு ஒரு முறையாவது, மழைக்காலத்தில் இரண்டு வாரத்திற்கு ஒரு முறையாவது, அது முழுமையாக நிறைய வேண்டும். தொடர்ந்து மேகமூட்டம் இருந்தால் பாட்டரியை மின்வாரிய மின்சாரத்தில் இயங்கும் தக்க மின்னேற்றக் கருவியோடு இணைத்து நிறைத்துக்கொள்வது நலம். கரி தாமதத்தைப் பொறுக்கும், அலட்சியத்தைப் பொறுக்காது.

உஷ்ணமே பெரும் பகை

சித்திரை வைகாசியில் நமது பகுதியில் நிழலிலேயே 38 டிகிரிக்கு மேல் வெப்பம் போவதுண்டு. தகரக் கொட்டகையினுள் அது இன்னும் அதிகம். பாட்டரியின் உஷ்ணம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரி ஏறும்பொழுதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. எட்டு வருஷம் உழைக்கக்கூடிய பாட்டரி 35 டிகிரியில் நான்கு வருஷம், 45 டிகிரியில் இரண்டே வருஷம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். வெப்பத்தினால் வரும் கேட்டைக் கரியும் தடுக்காது.

ஆகையால் பாட்டரியை வடக்குச் சுவரை ஒட்டியோ மரநிழலில் கட்டிய ஓட்டுக் கூரையின் கீழோ வைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டரிகளை வைப்பதானால் இடையில் இரண்டு விரல் அகலமாவது இடைவெளி விடுக. வெறுந்தரையில் வைத்தால் மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். இக்காலத்துப் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்தப் பயம் வேண்டாம். எனினும் ஈரம் படாமலும் கூட்டித் துடைக்க வசதியாகவும் இருக்கும் பொருட்டு மரப்பலகை மேல் வைப்பது நல்ல பழக்கம்.

வெப்பம் மிகுந்த காலத்தில் மின்னேற்ற அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். அறை ஒன்றுக்கு, டிகிரி ஒன்றுக்குச் சுமார் 4 மில்லி வோல்ட் குறைப்பது வழக்கம். ஆறு அறை கொண்ட பாட்டரியில், 40 டிகிரி வெப்பத்தில், அதாவது 15 டிகிரி அதிகமுள்ளபொழுது, 0.36 வோல்ட் குறையும், 14.4 என்றிருந்தது சுமார் 14.0 ஆகும். வெப்ப உணர்வி பொருத்திய கட்டுப்பாட்டுக் கருவி இதைத் தானே செய்துகொள்ளும். உணர்வியின் முனை பாட்டரியின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சுவரில் தொங்கவிடுவதால் பயனில்லை.

பாட்டரிக் குறிப்பேடு

நிலத்திற்கு அடங்கல் இருப்பதுபோல் பாட்டரிக்கும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். சாதாரண மீட்டரே இதற்குப் போதும். வாரம் ஒரு நாள், சூரியன் உதிப்பதற்கு முன், பாட்டரி முனைகளில் வோல்ட் அளந்து தேதியோடு எழுதுக. மாலையில் அளந்தால் மின்னேற்றத்தின் பொய்த்தோற்றம் ஏமாற்றிவிடும். அதிகாலை அளவுக்குப் பொருள் ஏறத்தாழ இது:

12.8 வோல்ட்: நிறைவு.
12.5 வோல்ட்: முக்கால் பங்கு.
12.2 வோல்ட்: பாதி. இதற்குக் கீழே போகவிடலாகாது.
12.0 வோல்ட்டுக்குக் கீழ்: அபாய நிலை. அன்றே நிறைக்க வேண்டும்.

வாரந்தோறும் அளவு இறங்கிக்கொண்டே வந்தால் மூன்று காரணங்களை வரிசையாக ஆராய்க. தகட்டின் மேல் தூசியோ மரநிழலோ விழுகிறதா? முனை இணைப்புகள் தளர்ந்தோ பூத்தோ இருக்கின்றனவா? இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் பாட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். தூசி படிந்த தகட்டைத் துடைக்காமல் புதுப் பாட்டரி வாங்கினால் அதற்கும் பழைய கதியே நேரும்.

வருஷத்திற்கு ஒரு முறை கொள்ளளவைப் பரீட்சிக்கலாம். நிறைந்த 100 ஆம்பியர்-மணி பாட்டரியிலிருந்து 5 ஆம்பியர் எடுக்கும் விளக்கைப் பத்து மணி நேரம் எரியவிட்டால் பாதி செலவாகும். பிறகு சில மணி நேரம் ஓய்வளித்து அளக்கும்பொழுது 12.2 வோல்ட் அளவில் நின்றால் பாட்டரி நலமாயிருக்கிறது. 12.0-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதன் சக்தி குன்றிவிட்டது. அறுவடைக் காலத்திற்கு முன்பே மாற்று ஏற்பாடு செய்துகொள்வது விவேகம்.

வேலியை நிறுத்தி வைக்கும் பருவத்தில் பாட்டரியை நிறைத்து, இணைப்பைக் கழற்றி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். சும்மா இருக்கும் பாட்டரியும் சிறிது சிறிதாக மின்சாரத்தை இழக்கும். கோடையில் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை மீண்டும் நிறைக்க வேண்டும். பழைய பாட்டரியோடு புதியதைச் சேர்த்து இணைத்தல் கூடாது. நொண்டி மாட்டோடு நல்ல மாட்டைப் பூட்டினால் இரண்டும் கெடும்.

ஜாக்கிரதைகள்

மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றி வெடிக்கும் தன்மையது. மூடிய பாட்டரியிலும் அழுத்தம் மிஞ்சினால் வாயு வெளியேறும். ஆகையால் காற்றோட்டமில்லாத இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டலாகாது. உரம், பூச்சிமருந்து, டீசல் ஆகியவை உள்ள அறையிலும் வைக்கலாகாது. அருகில் பீடி, விளக்கு ஆகாது.

திருகு முடுக்குமுன் மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிடுக. சாவியின் கைப்பிடியில் ரப்பர் சுற்றியிருக்க வேண்டும். இரு முனைகளையும் இரும்பு ஒருங்கே தொட்டால் சதை வெந்துபோகும் அளவுக்கு வெப்பம் எழும். முனைகளில் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, உலர்ந்த பின் வாசலைன் பூசுக. பெட்டி உடைந்து திராவகம் மேலே பட்டால் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிய உடனே வைத்தியரிடம் செல்க.

உழைத்து ஓய்ந்த பாட்டரியை வீட்டுக் கொல்லையில் உடைத்துக் காரீயம் உருக்குவது மகா பாதகம். காரீயப் புகையும் தூளும் மண்ணிலும் கிணற்றிலும் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். 2022-ம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பாட்டரியைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு. கடையில் கொடுத்து, புதியதன் விலையில் கழித்துக்கொண்டு, ரசீது பெற்றுக்கொள்ளலாம்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பஞ்சாயத்துச் சூரிய விளக்குகள் அணைந்து நிற்கும் ஊர்களில் விளக்கோ தகடோ பெரும்பாலும் கெட்டிருப்பதில்லை. பாட்டரி கெட்டிருக்கும், அல்லது அதன் இணைப்பு பூத்திருக்கும். விளக்கு ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, பாட்டரி மாட்டிய தேதி, உத்தரவாதம் முடியும் தேதி, கடைசியாகச் சோதித்த தேதி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால், உத்தரவாதத்துக்குள் கெட்ட பாட்டரியைச் செலவின்றி மாற்றிக்கொள்ளலாம். தேதி தெரியாத பாட்டரிக்கு எந்தக் கடைக்காரரும் பொறுப்பேற்கமாட்டார்.

இன்னொரு விஷயம் இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. சூரிய மின்வேலியின் கருவி, சுமார் ஒரு வினாடிக்கு ஒரு முறை, கண்ணிமைப்பதினும் குறுகிய நேரமே மின்னதிர்ச்சி தருகிறது; அது விலங்கைத் திடுக்கிடச் செய்யும், கொல்லாது. பாட்டரி ஓய்ந்த இரவில், "இன்று ஒரு நாள் மட்டும்" என்று மின்வாரியக் கம்பியை நேரே வேலியில் மாட்டுகிறவர்கள் உண்டு. அது வேலியன்று, தூக்குக் கயிறு. 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்கு அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் மாண்டன. குட்டிகள் இரண்டு தாயை இழந்து நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் கூலியாளும், அயல் தோட்டக்காரரும், வீட்டுப் பிள்ளையுமே இவ்வாறு மாண்டுபோகக்கூடும். அதே வருஷத்தில் தமிழ்நாடு மின்வேலிகள் பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகள் அமலுக்கு வந்தன. காப்புக்காட்டை அடுத்த நிலங்களில் வேலி அமைப்போர் வன இலாகாவின் அனுமதியைப் பெற வேண்டும் என்பதைக் கிராம அதிகாரிகள் தம் ஊரார்க்கு எடுத்துரைப்பார்களாக.

பாட்டரியை நன்கு வைத்திருக்கும் விவசாயிக்கு அந்தத் தகாத எண்ணம் தோன்றும் இரவே வராது. வாரத்தில் ஒரு காலை, ஐந்து நிமிஷம், ஒரு மீட்டர், ஒரு குறிப்பேடு: இவ்வளவே இப்பராமரிப்பின் முழுச் செலவு. வரும் பருவ மேகங்கள் மலைமேல் கூடுமுன், நமது வாசகர்கள் தத்தம் பாட்டரியின் வகையையும் கட்டுப்பாட்டுக் கருவியின் நிலையையும் ஒரு முறை சரிபார்த்து, முதல் அளவைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவார்கள் என்று நம்புகிறோம்.